இன்னும் எழுந்திருக்கவில்லை

உலான்பாத்தரில் மைனஸ் முப்பத்தாறு.
ராத்திரியே பேட்டரியைக் கழற்றி
நாலு மாடி சுமந்து வந்து
ஹீட்டரோரம் கிடத்தினாள் சரன்துயா.
சின்னவன் தன் போர்வையில் பாதியை
அதற்குக் கொடுத்தான்.

காலையில்
ஒற்றைக் கையுறையைக் காணோம்.
நொமினுக்குக் கணக்குப் பரீட்சை.
உப்புத் தேநீர் பொங்கி அடுப்பெல்லாம் வழிய
இரவு வேலை முடிந்து வந்த துல்கூன்
பூட்ஸ் காலோடு சோபாவில் சாய்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து
ஐந்து பேர் காருக்குள் அடைந்தாயிற்று.
சாவியைத் திருப்பினாள்.
ஒரு முனகல்கூட இல்லை.
குளிரைத் திட்டினாள்.
இதைத் தலையில் கட்டிய மச்சானைத் திட்டினாள்.
மறுபடி திருப்பினாள்.

பின்சீட்டிலிருந்து சின்னவன்,
கண்ணாடிப் பனியில் யானை வரைந்தபடி:

"அது இன்னும் எழுந்திருக்கவே இல்லம்மா.
நல்லா இழுத்துப் போத்திட்டுதான் வந்தேன்."