ஒற்றைப்படை மாதங்கள்

வீட்டை விற்றுப் பங்கு பிரித்தோம்.
நாய் தானாகவே அவனோடு போய்விட்டது.
வண்டியைத்தான் அறுக்க முடியவில்லை.
எழுபத்திரண்டாம் வருடத்து டுகாட்டி,
ஒற்றை சிலிண்டர், முந்நூற்றைம்பது சிசி,
வெள்ளிப் பூச்சு உதிர்ந்த டேங்க்.
வக்கீல் சிரிக்காமல் எழுதினார்:
ஒற்றைப்படை மாதங்கள் எனக்கு,
இரட்டைப்படை எர்மெஸுக்கு.
வருடத்துக்கு மூன்று நாள் குறைகிறதே என்று
பிப்ரவரியைக் காட்டிச் சண்டைக்கு வந்தான்.
ஆகஸ்ட் உன்னிடம்தானே என்றேன்.
ஜனவரியில் கணவாய் முழுக்கப் பனி.
எனக்கு வாய்த்ததில் ஒரு மாதம்
போர்வை போர்த்திய இரும்பு.

நான் ஃபயென்ஸாவில்.
அவன் மலைக்கு அந்தப் பக்கம்,
போர்கோ சான் லொரென்ஸோவில்.
நடுவில் மர்ராதி, ரயில் நிலையத்து வாசல்,
முதல் தேதி, பத்து மணி.
ஒருவர் வண்டியில் வந்து ரயிலில் திரும்ப,
மற்றவர் ரயிலில் வந்து வண்டியில் திரும்ப.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு
ரயிலில் உட்கார்ந்திருப்பவரை
எதிர் இருக்கைக் குழந்தைகள் விடாமல் பார்க்கும்.
பேச்சு குறைவு. சாவி, காகிதங்கள், சரி.
மீதியெல்லாம் டேங்கின் மேல் ஒட்டிய
காகித நாடாவில்:
"இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கிறது."
"இடது பக்கம் எண்ணெய் கசிகிறது. புதிதல்ல."
"டயர் மாற்றினேன். பாதிப் பணம் தா."
"கார்புரேட்டரைத் தொடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
இந்த எஞ்சினில் வால்வை மூட
ஸ்பிரிங்கை நம்பி விடுவதில்லை.
திறக்க ஒரு கை, மூட இன்னொரு கை.
நடுவே விடவேண்டிய இடைவெளி மயிரிழை.
கூடினால் சலசலக்கும்,
குறைந்தால் எரியும்.
நான் பல்செட் செய்கிறவள்.
அடுத்தவர் வாயில் பொருந்தவேண்டியதை
நாள் முழுக்க இழைஇழையாகத் தேய்ப்பவள்.
ஆகவே அந்த வேலை எப்போதும் என்னுடையது.
சேர்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான்.
அவன் விளக்குப் பிடிப்பான்,
அவன் பேசப் பேச வெளிச்சம் ஆடும்.

மற்ற வண்டிகளுக்கு கியர் இடது காலில்.
இதற்கு வலது காலில்.
ஒரு மாதம் விட்டு ஏறினால்
முதல் வளைவில் கால் பொய் சொல்லும்;
பிரேக் என்று மிதித்தது கியராக இருக்கும்.
பிரிஸிகெல்லா தாண்டும்போதுதான்
உடம்பு ஒத்துக்கொள்ளும்.

நவம்பர் ஒன்று.
மர்ராதியில் கஷ்கொட்டை வறுக்கும் புகை.
எர்மெஸ் இல்லை. வண்டி மட்டும் நின்றது.
சாவி காப்பிக் கடையில்,
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்.
நாடாவில் ஒரே வார்த்தை: "அவசரம்."
காலைத் தூக்கிப் போடப் போனவள் பார்த்தேன்,
பின்னால் புதிதாக இரண்டு கால்மிதிகள்.
போல்ட்டுகள் பளபளத்தன. நீளம் போதாதவை.
வலது பக்கம், சைலன்ஸர் மேல்,
குதிகால் உருகி ஒட்டிய தடம்.
நீல ரப்பர்.
என் பாதத்தைவிடச் சிறியது.

விடுமுறை நாள்,
அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம்.
உதைத்தேன். மூன்றாவது உதையில் பிடித்தது,
எனக்குத் தெரிந்த அதே கரகரப்பில்.
யாரை ஏற்றினாய் என்றால்
சொல்லவா போகிறது.

அந்த நீலத்தைச் சுரண்டிவிடலாம் என்று
முப்பது நாளும் நினைத்தேன்.
பிளேடு இருந்தது. மண்ணெண்ணெயும் இருந்தது.
போல்ட்டுகளைத்தான் மாற்றினேன்,
சரியான நீளம், பூட்டு வாஷரோடு.
அவன் முடுக்கியதை நம்பி
யாரும் வளைவில் சாயக்கூடாது.
இரண்டு பேர் பாரத்தில் சங்கிலி தொங்கியிருந்தது.
அதையும் இறுக்கினேன்.
சிலந்திபோல் கராஜ் தரையில் உட்கார்ந்து,
விளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு.
வெளிச்சம் ஆடவே இல்லை.

டிசம்பர் ஒன்று. மழை.
ரயில் வருவதற்குள் நாடாவைக் கிழித்து,
ஈரமில்லாத இடம் தேடி ஒட்டினேன்:
"சங்கிலி சரி. வால்வு சரி.
பின்னால் உட்காருகிறவரிடம் சொல்,
வலது குதிகாலை உயர்த்தியே வைக்கவேண்டும்.
கொல்லா கணவாய் ஏறும்போது முக்கியமாக.
போல்ட்டுக்குப் பதினொன்றரை யூரோ.
முழுவதும் உன் கணக்கு."