ஏழாம் அத்தியாயத்தில் ஒருவன்

பண்ணைக்காட்டில் மூன்று நாளாக மின்சாரம் இல்லை.
போன பாஸ்கா இரவில் பிடித்த மெழுகுவத்தியில்
விரல் நீளம் மிச்சம்.
அந்த வெளிச்சத்தில்தான் உள்ளே வந்தான்,
தோளில் ஒரு கம்பு,
கம்பின் முனைக்கொன்றாய் இரண்டு மலை.

நான் கூப்பிடவில்லை.
என் நாவலில் பன்னிரண்டு வாசலோடு ஒரு நகரம் உண்டு,
பேசும் கீரி உண்டு, பொய் சொல்லும் ராணி உண்டு.
இவனோ பழனிச் சாலையில்
பங்குனி வெயிலில், தார் ஒட்டிய பாதங்களோடு
யார் யார் தோளிலோ ஆடி வந்தவன்.
பேருந்து சன்னலில் பார்த்திருக்கிறேன்,
கழுத்தில் ஜெபமாலை, மடியில் பீன்ஸ் மூட்டையுடன்.

பங்குத்தந்தை இஞ்ஞாசி படித்துவிட்டு
ஓரத்தில் பென்சிலால் எழுதினார்:
"பிலோமி, இவன் யார் கட்சி?"

நியாயமான கேள்விதான்.
கீரிக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம்.
இவன் தலையில் தண்ணீர் ஊற்ற
ஏணி வேண்டும்.

அடித்துவிட்டேன்.
அடித்த இடத்தில் பாரம் தாங்காமல் தாள் வளைந்தது.
சரி, பாரம் இல்லை, பனி ஈரம்.
ஆனால் எட்டாம் அத்தியாயம் நகரவில்லை.
கீரி வாய் திறக்கவில்லை.

திரும்ப எழுதினேன்.
இளைப்பாற மலைகளை இறக்குகிறான்.
தூக்கினால் வரவில்லை.
உச்சியில் ஒரு சிறுவன்.
சண்டையிட்டான், செத்தான், எழுப்பப்பட்டான்,
வாசலில் நிறுத்தப்பட்டான்.
இதுவரை இந்த மலைகளுக்கே தெரியும்.

'எழுப்பப்பட்டான்' என்ற இடத்தில் பேனா நின்றது.
அந்தச் சொல்லை நான் கேட்டது வேறிடத்தில்,
ஒரு ஞாயிறு விடியுமுன், குளிரில், பாட்டுக்கு நடுவே.

அதற்கப்புறம் யோசிக்கவில்லை.
வாசலில் நிற்கிறான். கீழிருந்து ஒருவர் ஏறி வருகிறார்,
முதுகெல்லாம் ரத்தம், தோளில் ஒற்றை மரம்.
பார்த்தவுடன் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது
அந்த மரத்தின் எடை.
மலை சுமந்தவனுக்குத்தான் அது தெரியும்.
யார் கட்சி என்று கேட்கவில்லை.
குனிந்து
மரத்தின் பின்முனையைப் பிடித்துக்கொள்கிறான்.

படி திரும்பி வந்தது.
பழைய கேள்வி அழிக்கப்படவில்லை.
அதன் கீழே அதே பென்சில், சின்ன எழுத்தில்:
"ஐந்தாம் ஸ்தலமா?"

சத்தியமாக நான் அதை நினைக்கவில்லை.
சிலுவைப்பாதையை இத்தனை வருடம்
முட்டி வலிக்கச் சுற்றியிருக்கிறேன்,
ஐந்தாவது படத்திலிருப்பவன் தோளை
ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.