ஐம்பது லிட்டர்

கூர் என்று இந்த ஊருக்குப் பெயர்.
கூர்மை ஒன்றும் இல்லை,
ஸ்டேஷனுக்குப் பின்னால் கலாண்டா மலைகூட
ஏப்ரல் மழையில் ஊறிய பாண் மாதிரி.

பிளெசூர் ஆற்றோரக் கடையில்
ஃபுளூரினா என் முதுகெலும்பைத் தேடுகிறாள்.
தலையைக் குனி என்றாள்.
பிடரியில் துருத்தும் முடிச்சில் விரல் வைத்து
அங்கிருந்து இடுப்பெலும்பின் மேடுவரை
அளவுநாடாவை ஓடவிட்டாள்.
நாற்பத்து நாலு.
சட்டை தைத்த எவரும்
இதுவரை கேளாத அளவு.

"இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு."
ஓம்.
பதினெட்டு வருசம் தபால் பை அந்தப் பக்கம்தான்.
மின்கட்டணம், வக்கீல் கடிதம்,
யாரும் பிரிக்காத தளபாடக்கடை விளம்பரம்,
ஒருமுறை, ஓட்டை போட்ட பெட்டியில்
உயிருள்ள ராணித் தேனீ.

மே முதல் சம்பளமில்லா விடுப்பு.
ஐந்து மாதம். நடை. நீஸ் கடற்கரை வரை.
எதற்கு என்று கேட்காத முதல் ஆள் இவள்.
எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்டாள்.

லிட்டர் தண்ணீருக்கு என்றுதான் இருந்தேன்.
வெறும் இடத்தையும் லிட்டரில் விற்கிறார்கள்.

எழுபதைத் தூக்கினேன்.
"பெரிய பைக்கு வாய் மூடத் தெரியாது," என்றாள்.
"நீ போட்டுக்கொண்டே இருப்பாய்."

மணல் மூட்டை நான்கு, பன்னிரண்டு கிலோ.
கடைக்குள்ளேயே கல் பதித்த ஒரு பொய்ச் சரிவு.
ஏறு, இறங்கு.
முதலாவது, அடிக்கு அடி கிறீச்சிட்டது
மாப்பிள்ளையின் புதுச் செருப்பு மாதிரி.
இரண்டாவதில் பதினோரு சிறு பைகள்.
வீட்டுச் சாவியை ஒன்றில் போட்டுவிட்டு
கடையை விட்டு வெளியேறும் முன்பே தொலைத்தேன்.
மூன்றாவது சாம்பல் நிறம்.
யாரோ வாங்கி ஒரு மாதத்தில் திருப்பியதாம்,
விலையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு.
தலைமூடியின் உள்ளறையில்
பைன் ஊசி இரண்டு, பேர்ன் டிராம் சீட்டு ஒன்று.
எதுவரை போய்த் திரும்பினாரோ.

தோள்பட்டியைத் தளர்த்து.
இடுப்புப் பட்டையை இழு. இன்னும். இன்னும்.
சட்டென்று தோளில் எதுவும் இல்லை.
பன்னிரண்டு கிலோவும் கீழே இறங்கி
அமர்ந்துகொண்டது,
ஒக்கலையில் ஏறியதும்
அழுகையை நிறுத்தும் பிள்ளை போல.

தோள் கொடுப்பான் தோழன் என்று சொன்னவர்கள்
மலை ஏறியிருக்கமாட்டார்கள்.

நூற்று எழுபது பிராங்க்.
மழையுறை தனிக் காசு.

வீட்டில் நிரப்பி நிறுத்தேன்: பத்தொன்பது.
சமையல் தராசை இறக்கினேன்.
இரண்டாவது துவாய், முந்நூற்றுப் பத்து கிராம், வெளியே.
ஜீன்ஸ், வெளியே.
பல்துலக்கியின் கைப்பிடியை
ரொட்டி வெட்டும் கத்தியால் பாதியாக அறுத்தேன்.
ஏழு கிராம் லாபம். சிரிப்பு வந்தது.

எல்லாவற்றின் இடுக்கிலும்
'ஒருவேளை' என்றொரு சாமான் இருக்கிறது.
ஒருவேளை பனி. ஒருவேளை காய்ச்சல்.
ஒருவேளை கஜரூபன் நீஸுக்கு வந்தால் போட
ஒரு சிவப்புச் சட்டை.
அது இருநூற்று நாற்பது கிராம்.
வெளியே.
உள்ளே.
வெளியே எடுத்துக் கதிரையில் போட்டு
விளக்கை அணைத்தேன்.
விளக்கைப் போட்டேன்.

மிளகாய்த்தூளை நான் நிறுக்கவே இல்லை.

இரவு பதினொன்றுக்கு, பதினொன்றரைக் கிலோவுடன்,
லிஃப்டில் இறங்கினேன்.
மூன்றாம் மாடிக் கடூஃப் நாயோடு ஏறினார்.
"இந்த நேரத்தில் எங்கே பயணம்?"
பழைய பேப்பர் போட, என்றேன்.
உண்மைதான். பையின் தலையில்
ஒரு மாதப் பத்திரிகைகளைக் கட்டியிருந்தேன்.
நாய் மட்டும் நம்பவில்லை.

திரும்பும்போது லிஃப்டை அழைக்கவில்லை.
நாலு மாடி.
இரண்டாவதில் நின்று
இடது பட்டியை ஒரு விரல் இழுத்தேன்.