கண்படாத இடத்து நிறம்

விற்கிறதென்றுதான் தொடங்கினேன்.
மூன்று பேர் இருக்கும் தோல் செற்றி,
வெள்ளவத்தையில், நாலாம் மாடியில்,
பதினொரு வருசம் கடற்காற்றுத் தின்ற மிச்சம்.
மகளின் ஓர்கனுக்கு இடம் வேண்டும்.
வெடிப்பு வெடிப்பாய் அது கிடந்த கோலத்தை
இரண்டு படம் எடுத்துப் போட்டேன்.
சனிக்கிழமை வந்து பார்ப்பதாய் ஒருவன் சொன்னான்.
இந்தக் கோலத்திலா என்று எனக்கு வெட்கம்.

முதலில் அழுக்கு.
இளஞ்சூட்டுத் தண்ணீர், துளி சவர்க்காரம், பழைய பனியன்.
பனியன் தேநீரானது. அலசினேன். மறுபடியும் தேநீர்.
இன்பராசன் தலைசாய்க்கும் இடது மூலையில்
எண்ணெய் மட்டும் விடவில்லை.
ஸ்பிரிட் ஊற்றித் தேய்த்தேன்.
அந்த மனிதரின் முழு வாசமும் எழுந்து
அறையைச் சுற்றிவிட்டு ஜன்னலால் போனது.

பிறகு நிறம்.
புறக்கோட்டைக் கடையில் ஹில்மி கேட்டார்:
'என்ன கலர்?'
'மண்ணிறம்.'
'மண்ணுல நூறு நிறம் இருக்கே.
ஒரு துண்டு வெட்டிட்டு வாங்க,
ஆர்ட கண்ணும் படாத இடத்துல.'

செற்றியைக் கவிழ்த்தேன்.
அடியில், மடித்து ஆணி அறைந்த விளிம்பில்
நகமளவு வெட்டினேன்.
மண்ணிறமே இல்லை.
வெற்றிலைச் சிவப்பு.
பீட்ரூட் அவித்த சட்டியின் அடி.
நாங்கள் வாங்கிய நாளில்கூட அது சிவப்பில்லை.
எங்களுக்கு முன்னால் யாருடைய வீட்டிலோ
எந்த வெயிலிலோ அது வெளுத்து முடிந்திருக்கிறது.
வந்தவர் போனவருக்கெல்லாம்
'அந்த மண்ணிறச் செற்றியில் இருங்கோ' என்று
அதன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறோம்.

எதைப் பூசுவது,
அதன் நிறத்தையா, எங்களுக்குத் தெரிந்த நிறத்தையா?
ஹில்மி துண்டைத் திருப்பிப் பார்த்தார்.
'ரெண்டையும் கலக்க ஏலும்.
பொறகு ரெண்டும் இருக்காது.'

சிவப்பையே வாங்கினேன்.

வெடிப்புக்குள் பசையை
காலாவதியான வங்கி அட்டையால் இழுத்து நிரவினேன்.
காய்ந்ததும் அரத்தாள், மெல்ல,
குழந்தையின் முதுகு தேய்ப்பதுபோல.
பஞ்சால் ஒற்று, தேய்க்காதே.
மெல்லிசாய், இன்னும் மெல்லிசாய்.
முதற்பூச்சில் செற்றி, சொறி பிடித்த நாய்.
இரண்டாவதில், குணமாகி வரும் நாய்.
மழை பிடித்தது. கரண்ட் போனது.
ஹெயார் டிரையரை நீட்டியபடி இருட்டில் நின்றேன்,
துவக்கை வாங்கி ரவை வாங்காதவள் போல.
கடற்கரை ரயில் சுவரை ஆட்டிப் போயிற்று.
ஈர நிறத்தில் அந்த நடுக்கம் பதியவில்லை,
மகளின் சுட்டுவிரல்தான் பதிந்தது.
அதை அப்படியே விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசை.
இல்லை. அதற்கு மேலும் பூசினேன்.

மூன்றாவது பூச்சு வெள்ளி இரவு, இரண்டு மணிக்கு.
முழங்கை சிவப்பு, மூக்கு நுனி சிவப்பு.
தண்ணீர் குடிக்க எழுந்த இன்பராசன்
கதவடியில் நின்று, 'யாரைக் கொன்றாய்?' என்றான்.
'உன் தலையை' என்றேன்.

சனிக்கிழமை பத்தரைக்கு வந்தவனுக்குப் பெயர் துலித்.
கையில் அளவுநாடா.
தொலைக்காட்சி நாடகத்துக்குச் சாமான் சேர்ப்பவன்.
செற்றியைப் பார்த்தான், கைபேசியைப் பார்த்தான்,
மறுபடி செற்றியை.
உடைந்த தமிழில், மிகப் பணிவாய்க் கேட்டான்:
'அக்கா, படத்தில இருக்கிற பழசு எங்க?'

நொடித்துப்போன முதலாளி ஒருவர்
கடைசிக் காட்சிவரை அதில் உட்கார வேண்டுமாம்.
வெடிப்புக்குத்தான் விலையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கு வரவில்லை.
பிளேன் ரீ கொடுத்தேன்.
நின்றபடியே குடித்தான்.
'பதினொரு வருசத்தால வாங்கோ' என்றேன்.
அளவுநாடா சுருக்கென்று உள்ளே ஓடியது.

ஓர்கன் இப்போது மகளின் கட்டிலடியில்.
அன்று பின்னேரம்
அவளின் வெள்ளைப் பாடசாலைச் சட்டையை விரித்து
என் முழுப் பாரத்தோடும் அதன்மேல் இருந்தேன்.
எழுந்து தூக்கிப் பார்த்தேன், வெளிச்சத்தில், இரண்டு பக்கமும்.
ஒட்டவில்லை.

இன்பராசன் இடது மூலையில் தலைசாய்க்கப் போய்
பாதியில் நின்றான்.
'வைக்கலாமா?'

'துவாய் போட்டுக்கொண்டு வை.'