இரு கண்ணிலும் சுண்ணாம்பு

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்:
கோடு உள்ளே இல்லை.
கோடே வெளிதான்.
பூட்ஸின் விளிம்பு வெள்ளையை உரசினாலும்
கொடி மேலே போக வேண்டும்,
கை யோசிக்கத் தொடங்குமுன்.

சனிக்கிழமை காலையில் நார்மன் பியூஷர்
தள்ளுவண்டியோடு வந்து கோடு போடுவார்.
ஆட்டம் தொடங்குவதற்குள்
மேரிபோர்ட் மழை பாதியைக் கழுவிவிடும்.
மிச்சத்தை மனதில் போட்டுக்கொண்டு
ஓடுகிறேன்.

காகித ஆலையில் இரவு ஷிஃப்ட்,
நாலு மணி நேரத் தூக்கம்.
இது சம்பளமில்லா ரக்பி லீக்.
கோட்டு நடுவரைக் கிளப்புகளே தர வேண்டும்,
அணிக்கு ஒருவர்.
யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது
எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் குனிந்தார்கள்.
எனக்கு அன்று கழுத்துப் பிடிப்பு.
அவ்வளவுதான் என் தகுதி.

பந்தோடு ஓடு.
நாலடி பின்தங்கினால்
நேரான பாஸும் முன்னால் போனதாகத் தெரியும்.
பந்து போன பிறகும்
விழுந்தவன்மேல் ஒரு கண் வைத்திரு;
முழங்கை பேசுவது அப்போதுதான்.

முதுகுக்குப் பின்னால் கம்பித் தடுப்பு.
அதில் சாய்ந்தபடி நாற்பது பேர்:
என் மகளுக்குப் பல் பிடுங்கியவர்,
வெள்ளிதோறும் எனக்கு மீன் பொரித்துத் தருபவர்,
என் முன்னாள் கணவர்,
அவருடைய நாய்.
நாய் மட்டும்தான் திட்டாது.

பிப்ரவரியில் ஒரு நாள்.
நாலு நிமிடம் பாக்கி, இரண்டு புள்ளி பின்னால்.
விங்கர் கைரன், என் அக்கா மகன்,
மூலையை நோக்கிப் பாய்ந்தான்.
காற்றுக்குக் கோடு கிடையாது;
உடம்பு முழுக்க வெளியே மிதக்கலாம்,
பந்து உள்ளே மண்ணைத் தொட்டால் டிரை.
மிதந்தான்.
அழகாகவே மிதந்தான்.
இடது கையில் பந்து, கீழே, இன்னும் கீழே.

முழங்கால் முந்திக்கொண்டது.
ஒரு புல்லின் உயரம்,
அவ்வளவுதான்.

கொடி எப்போது மேலே போனதென்று
எனக்கே தெரியாது.
"ஐலீன்! நீ எந்த ஊர்க்காரி?"
பல் டாக்டரின் குரல்.
கடல்காற்று அதை ஸ்காட்லாந்துவரை கொண்டுபோயிருக்கும்.
மூன்று வாரம் அக்கா போன் எடுக்கவில்லை.
பொரித்த மீன் கொஞ்சம் சின்னதாக வந்தது.
நன்றாகத் தூங்கினேன்.

தூக்கம் வராதது வேறொரு நாளுக்கு.

அக்டோபர், கிளீட்டர் மூர் அணி.
கடைசி உதை, எங்களுடையது.
ஒரு கம்பத்தடியில் நான்,
மறு கம்பத்தடியில் அவர்களின் ஆள், டெஸ்மண்ட் ஃபீரன்.
பந்து என் கம்பத்தின் உச்சியையும் தாண்டி உயர்ந்தது,
வெயிலுக்குள் புகுந்தது.
என் பக்கம், என் தீர்ப்பு.
தூக்கினேன்.
ஃபீரன் என்னைப் பார்த்தார்.
தன் கண்ணைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்.
அவர் கொடியும் எழுந்தது.

பந்து வெளியே போயிருந்தது.
ஒரு கையகலம்.
கொடியை இறக்கும்போது
பந்து விழுந்த இடத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.
விசில் ஊதியாயிற்று.

அன்று யாரும் திட்டவில்லை.
பல் டாக்டர் பீர் வாங்கித் தந்தார்.
என்ன கண்ணு உனக்கு என்றார்கள்,
கழுகுக் கண் என்றார்கள்.
வெயில்தான் காரணம் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.
ஒரு கண்ணில் வெண்ணெய் இருந்ததா என்று
அந்தக் கண்ணையே எப்படிக் கேட்பது?

நாளை மறுபடி கிளீட்டர் மூர்.
நார்மன் போன் பண்ணினார்:
மழை வருமாம், ஒரு மூட்டைதான் இருக்கிறதாம்,
கோட்டை மெல்லிசாகப் போடட்டுமா என்கிறார்.
வேண்டாம் நார்மன்,
பட்டையாகவே போடுங்கள்.
தீர்ந்தால் தீரட்டும்.

கொடி ரேடியேட்டர்மேல் காய்கிறது.
ஃபீரன் வருவார்.
கை குலுக்குவார்.
எந்தக் கம்பம் உனக்கு, ஐலீன், என்று
மரியாதையாகக் கேட்பார்.