நடுவில் ஒரு தூசி

சதர்லாந்து ஊரிலிருந்து தொலைநோக்கிக் குன்றுக்குப்
பதினைந்து கிலோமீட்டர்.
இரவில் உச்சியை நெருங்கினால்
முகவிளக்கை அணைத்துவிட வேண்டும்.
குறுக்கே ஓடும் முயல்களுக்கு அந்த விதி தெரியாது.
பதினொரு வருடமாய் நான்
சாலையைச் சக்கரத்தால் தடவித் தடவி ஏறுகிறேன்.

இந்தச் சாலையை விடக் கொஞ்சம்தான் பெரிது அந்த விண்மீன்
என்றாள் ஹெஸ்டர் ஸ்லிங்கர்ஸ்,
முன்னிருக்கையில், கையுறையைக் கழற்றாமல்.
ஆனால் சூரியனை விடக் கனம்.
அதன்மேல் மலை என்று ஏதாவது எழுந்தாலும்
ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாதாம்.
நான் ஜன்னல் வழியே
தலையில் பனியோடு நின்ற எங்கள் மலையைப் பார்த்தேன்.
பிழைத்தது,
இங்கே பிறந்ததால்.

பழைய பட்டியலில் அதைச் சுற்றிய ஒளிக்குக்
கோள் நெபுலா என்று பெயர்.
கோளும் கிடையாது, அந்த வகையும் கிடையாது.
வட்டமாய்த் தெரிந்ததை யாரோ எழுதிவைத்தார்கள்.
சாவகாசமாய்ச் சாகிற விண்மீன்கள்
விட்டுப்போகிற மூச்சு அது.
இது வெடித்துச் செத்தது.

ஜூன் மாதக் குளிரில், நட்டநடுவே, ஒரு மங்கல் புள்ளியில்
நொடிக்குப் பதினெட்டுத் துடிப்பு.
எண்ணியது கருவி.
விழித்திருந்தது ஹெஸ்டர்.

வந்தவை மூன்றும் சாம்பல் நிறப் படங்கள்.
வண்ணம் அவள் இட்டதுதான்:
ஹைட்ரஜனுக்குச் சிவப்பு,
ஆக்ஸிஜனுக்கு மயில்கழுத்து,
கந்தகத்துக்கு, அரைமணி நேரம் நகம் கடித்த பிறகு,
மழை வந்த வருடத்தில் மட்டும்
எங்கள் தரிசில் பூக்கிற
காட்டுச் சாமந்தியின் ஆரஞ்சு.
'நிஜமாகவே இந்த நிறமா?' என்றாள் கடைக்காரி சன்னா.
'இல்லை' என்றாள் ஹெஸ்டர்.
'அப்படியானால் இன்னும் நல்லது,
எனக்கு ஒன்று கொடு.'

கெட்டி அட்டையில் முந்நூறு பிரதிகள்
கேப்டவுனில் அச்சாகின.
நான்கரை மணி நேரம் ஓட்டி
நான்தான் கொண்டுவந்தேன்.
கட்டைப் பிரித்து வண்டியின் மூக்கில் விரித்தவள்
வெகுநேரம் பேசவில்லை.
அச்சகத்தாருக்குப் போன் போட்டாள்.
எனக்கும் கேட்டது, அத்தனை பெருமை அந்தக் குரலில்:
'எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது பாருங்கள் அம்மா,
நடுவில் ஒரே ஒரு தூசி இருந்தது,
எடுத்துவிட்டோம்.'

கத்துவாள் என்று நினைத்தேன்.
சிரித்தாள், மூச்சு வாங்கும்வரை.
பிறகு கேட்டாள்:
'முதலுதவிப் பெட்டியில் ஊக்கு இருக்கிறதா?'

மூன்று இரவு மேகம். குவிமாடம் திறக்கவில்லை.
சமையலறை மேசையில்
அளவு வெட்டிய அட்டையை வைத்து வைத்து
முந்நூறு விண்மீன்களைக் குத்தினோம்.
கட்டைவிரலில் பள்ளம் விழுந்தது.
நூற்றுப் பத்துக்கு மேல் என்னுடையவை.
அவற்றில் ஒன்று, தூக்கக் கலக்கத்தில்,
ஒரு விரற்கடை தள்ளிப் போய்விட்டது.
அது என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
ஹெஸ்டர் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை.

சன்னா தன்னுடையதைக்
கடைக் கண்ணாடியில் ஒட்டினாள், தெருவைப் பார்க்க.
பகலில் சிவப்பு, மயில்கழுத்து, சாமந்தி;
ரொட்டி வாங்க வந்தவர்கள்
சில்லறையை மறந்து நிற்பார்கள்.
துளை யார் கண்ணிலும் படாது.
இரவு கடை சாத்தி, உள்ளே ஒரு பல்பு மட்டும் எரியும்போது
நான் வண்டியோடு அந்த வழியாகப் போவேன்.
அப்போது வண்ணம் ஒன்றும் இருக்காது,
வளையமோ புகையோ இருக்காது.
கறுத்த அட்டையில்
அந்த ஊக்குமுனை மட்டும்.

மின்வெட்டு நாட்களில் அதுவும் இல்லை.
வேகத்தைக் குறைத்து
அது இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே
போகிறேன்.