இரவல் பெட்டி

ரத்தம் என் பொறுப்பு.
ஒரு போத்தல் சிராப், அரைக் கரண்டி மைலோ,
கொஞ்சம் சோளமாவு.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதை
மூன்றாவது வாளியில்தான் தெரிந்துகொண்டேன்.

படத்தின் பெயர்
'காட்டேரிக்கு ஓவர்டைம் கிடையாது'.
இயக்கம் தனபாலன்.
செலவு பதினோராயிரம் வெள்ளி,
வீடு பழுதுபார்க்க என்று எழுதிச்
சேமநிதியிலிருந்து எடுத்தது.
கூரை இன்னும் ஒழுகுகிறது.
அதையும் ஒரு காட்சியில் பிடித்துவிட்டார்.

காட்டேரி, பத்துமலை.
பகலில் பீடோர் முழுக்க கேஸ் தோங் போடுகிறவன்.
கோரைப்பல் இரண்டும் பல்கடை லிம் கொடுத்தவை,
யாரோ செய்யச் சொல்லி
வாங்க வராமல் போன பல்செட்டிலிருந்து.
மாட்டினால் 'ச' வராது.
"உன் ரத்தத்தைச் சுவைப்பேன்" என்பது
ஒவ்வொரு டேக்கிலும்
"உன் ரத்தத்தைத் துவைப்பேன்" என்றே விழுந்தது.
தனபாலன் வசனத்தை மாற்றவில்லை.
காட்டேரிக்கு
இருபத்துநாலு மணி நேர டோபிக் கடையில்
வேலை வாங்கிக் கொடுத்தார்.

கழுத்துக்கு யோகவல்லி.
விடியற்காலை நாலு மணிக்குக் கடிபட்டு
ஐந்தரைக்குக் கையுறைத் தொழிற்சாலை பஸ் ஏறுவாள்.
கழுத்தில் என்ன என்று
பஸ்ஸில் ஒருவரும் கேட்டதில்லையாம்.

ஒரு நிருபர் வந்தார்.
காட்டேரி என்பது கம்பெனியைக் குறிக்கிறதா என்றார்.
தனபாலன் யோசித்துச் சொன்னார்:
"இல்லீங்க, பத்துமலையைத்தான்."

எல்லாம் பொய், பெட்டி மட்டும் நிஜம்.
செல்லையா ஈமச்சேவையில்
கண்ணாடிக்குப் பின்னால் பார்வைக்கு வைத்திருந்தது.
ஐந்து இரவுக்கு இரவல்.
ஒரே நிபந்தனை,
ஆள் விழுந்தால் உடனே திரும்ப வேண்டும்.

செம்பனை நிரைக்கு நடுவே இறக்கினோம்.
அவன் படுத்தான். நான் ஊற்றினேன்.
எறும்புகள் வந்தன.
"செத்தவன் அசையக் கூடாதுடா!" என்று தனபாலன் கத்த,
செத்தவன் எகிறிக் குதித்து
ஜெனரேட்டரைத் தாண்டி ஓடினான்.
படத்தில் உருப்படியான ஷாட் அதுதான்.

மூன்றாம் இரவு, ஒன்றேகால் மணி.
செல்லையாவின் வேன்.
லாரிக்காரர் சன்னாசி போய்விட்டார்,
அவர் உயரத்துக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.
வெள்ளைச் சாட்டினை
ஈரத்துணியால் துடைத்தேன், துப்பட்டாவால் துடைத்தேன்,
எச்சில் தொட்டும் துடைத்தேன்.
இளஞ்சிவப்பு போகவில்லை.
மடித்துத் திருப்பி ஊசி குத்தி அனுப்பினேன்.

மறுநாள் எல்லோரும் போய் நின்றோம்.
பத்துமலையின் சட்டைப்பையில் பல் கிடந்தது.
தேவாரத்துக்கு நடுவே
முதல் எறும்பு
சன்னாசியின் காலரில் ஏறியது.
பின்னாலேயே அதன் சாதிசனம்.
நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்தேன்,
தேதி தேதியாக.
அவர் மனைவி சின்னப்பொண்ணு குனிந்து பார்த்தாள்.
"இனிப்பு நீரு," என்றாள், கூட்டத்துக்குப் பொதுவாக.
"டாக்டரு சொன்னப்போ இந்த மனுசன் நம்பல.
எறும்பு சொல்லுது பாருங்க."

மீதிப் படத்தில் காட்டேரி
மீன்காரரின் ஐஸ்பெட்டியில் தூங்குகிறது.
காரணம் சொல்லப்படவில்லை.

மண்டபத்தில் பெட்ஷீட் கட்டி ஓட்டினோம்.
ஆளுக்கு மூன்று வெள்ளி.
வேண்டாம் என்று சொல்லியும்
சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டு
மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள் சின்னப்பொண்ணு.
பெட்டி வந்தபோது
நான் என் சிலிப்பரைப் பார்த்தேன்.
பத்துமலை எகிறினான், உதறினான், ஓடினான்.
கூரைத்தகரம் அதிரச் சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்,
எனக்கும் கேட்கட்டும் என்றுதானோ:
"அந்தப் பெட்டியிலேருந்து
ஒருத்தனாச்சும் எந்திரிச்சானே."

வசூல் இருநூற்றுப் பதினாறு வெள்ளி.
அதில் எழுபதைச் செல்லையா வாங்கிக்கொண்டு
ரசீது எழுதினார்:
சாட்டின் துணி, கறை.
அது எரிந்து
நாற்பது நாள் ஆகியிருந்தது.